டெம்போவும் மூக்கில்லாத ஜீப்பும்: பழைய பிக்கப் வண்டிகள் பற்றிச் சில குறிப்புகள்

‘பிக்கப்’ என்ற சொல் நம்ம பக்கம் புழக்கத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சின்ன சரக்கு வண்டி எதுவானாலும் டெம்போதான். 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விடால் அண்டு ஸோன் நிறுவனத்தோடு கூட்டு வைத்து ஹான்சியட் என்ற மூணு சக்கர வண்டியை இங்கே செய்தது. அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே வருஷம் வந்த டாடா ஏஸுக்கு ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று பேர் வைத்தார்கள். ஆனாலும் மல்லாட்டை மூட்டை ஏற்ற “ஒரு டெம்போ சொல்லிடுப்பா” என்பதுதான் இன்றைக்கும் பேச்சு.

பழைய கார் மேல் ஆசை வருவது புரிகிறது. பழைய சரக்கு வண்டி மேல் ஏன் வருகிறது? அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. 1925-ல் ஃபோர்டு தன் மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே பின்தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. அதற்கு முன்பு விவசாயி காரை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, பலகை அடித்துக்கொள்வார். 1947-ல் வந்த செவர்லே, 1948-ல் வந்த ஃபோர்டு எஃப் வரிசை லாரிகளை எல்லாம் இன்று அங்கே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். வைக்கோல் ஏற்றிய தொட்டியில் வார்னிஷ் அடித்த மரப்பலகை! எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

நம்மூர்க் கதை வேறு. இங்கே பழைய பிக்கப் என்றால் பெரும்பாலும் மஹிந்திரா ஜீப்பின் அடிச்சட்டத்தில் தொட்டி கட்டியது. அல்லது 1960-களில் வந்த எஃப்சி-150. டிரைவர் என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிற, மூக்கில்லாத ஜீப். அப்புறம் மெட்டாடர். அபூர்வமாக ஸ்டாண்டர்ட் 20. இந்தக் கடைசி வண்டிக்கும் நமக்கும் உறவு உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் செய்தது. அதே ரோட்டில் தெற்கே வந்தால் திண்டிவனம், அடுத்து விழுப்புரம். 1988-ல் அங்கே உற்பத்தி நின்றது. அதனால் அதற்குப் பாகம் தேடுவது குதிரைக் கொம்பு. புதுப்பேட்டையில் சுற்றினாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. லேத் பட்டறையில் கடைந்துதான் ஆகவேண்டும்.

ஜீப்புக்கு அந்தக் கவலை குறைவு. அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திய சிஜே-3பி மாடலை மஹிந்திரா அதற்குப் பிறகும் இங்கே பல வருஷம் செய்துகொண்டிருந்தது. அதன் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். 2199 சிசி, நாலு சிலிண்டர். உள்ளே வாங்கும் வால்வு மேலே ஹெட்டில். புகை தள்ளும் வால்வு கீழே பிளாக்கில். பழைய பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மட்டும் மாற்றியதால் வந்த அமைப்பு இது. என்ஜின் உயரமாகிவிட, அதை மூடுவதற்காக பானட்டையும் தூக்கினார்கள். சிஜே-3பி-யின் உயரமான மூஞ்சிக்கு இதுதான் காரணம். எங்கள் தொழிலில் பழைய கோடு மேல் புதுசை ஒட்டவைப்போமே, அதே வேலை.

இன்னொன்று, இதன் சிலிண்டர் விட்டம் சுமார் 79 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111 மில்லிமீட்டர். அகலம் குறைவு, ஓட்டம் நீளம். இந்த மாதிரி என்ஜின் வேகமாகச் சுற்றாது. மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். ஏரிக்கரைச் சேற்றில் மூட்டையோடு மாட்டிக்கொண்ட வண்டிக்கு வேண்டியது அதுதான். ஆனால் பெட்ரோல் குடிக்கும். அதனால்தான் நம்ம பக்கத்து ஜீப்களில் பாதிக்கு மேல், நான் பார்த்தவரை, எப்போதோ டீசல் என்ஜினுக்கு மாறிவிட்டன. டிராக்டர் வகை டீசலோ, பிறகு வந்த பெஜோ எக்ஸ்டிபி என்ஜினோ உட்கார்ந்திருக்கும்.

வாங்கப்போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது என்ஜினை அல்ல, அந்த வண்டி என்ன சுமந்தது என்பதை. மல்லாட்டையும் நெல்லும் தர்ப்பூசணியும் ஏற்றிய வண்டிக்குத் தேய்மானம் மட்டும்தான். மரக்காணம் உப்பளத்தில் ஓடிய வண்டி வேறு ஜாதி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் குளோரைடு இரும்பை விடாமல் தின்னும். அடிச்சட்டம் பெட்டி மாதிரி மூடியிருக்கும் இடங்களில் அரிப்பு உள்ளிருந்தே தொடங்குவதால் வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘டப்’ என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். என்ஜினுக்கு ஸ்லீவ் போட்டு உயிர் கொடுக்கலாம்; உளுத்த அடிச்சட்டத்துக்கு மேல் எதைப் பூட்டியும் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் காகிதத்தில். 2021 ஜூலையில் மத்திய அரசு, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்கு ‘விஏ’ வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் பிக்கப்பைக் குறிப்பாக இடிக்கின்றன.

ஒன்று, வண்டி அசல் வடிவில் இருக்கணும். அடிச்சட்டம், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அந்தக் காலத்தில் நம்மூரில் சரக்கு வண்டியைப் பெரும்பாலும் முகப்பும் அடிச்சட்டமுமாக வாங்கி, தொட்டியை உள்ளூர்ப் பட்டறையில் கட்டினார்கள். தச்சரும் டிங்கரும் சேர்ந்து செய்த உடம்பு அது. கம்பெனி வரைபடமே இல்லாத பாகத்துக்கு எது அசல்? டீசல் மாற்றிய வண்டி என்றால் கேள்வி இன்னும் கடினம். மாற்றம் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, விண்டேஜ் வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ எடுக்கக்கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் சரி. காருக்கு இது நியாயம். சுமப்பதற்கென்றே பிறந்த வண்டிக்கு? சரக்கு வண்டியாகவே வைத்திருந்தால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும், 15 வருஷம் தாண்டியதற்குக் கட்டணமும் கூடிவிட்டது. அப்பா ஓட்டிய வண்டியை வைத்திருக்கும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உழைக்க விட்டால் செலவு. மரியாதை கொடுத்தால் ஷெட்டில் சும்மா நிற்கணும்.

வரத்தும் குறைகிறது. ஒன்றிய அலுவலக ஜீப்புகள் ஏலத்துக்கு வந்து, அதில் தொட்டி கட்டி ஓட்டுவது ஒரு வழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகி, அவை உடைப்புக்குப் போகின்றன. அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது.

ஏற்கெனவே பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அவசர வேலை உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், ரப்பர் குழாய் எதுவும் அதற்காகச் செய்ததல்ல. ஊறி, மெத்தென்று ஆகி, கசியும். கசிகிற இடம் சூடான என்ஜினுக்குப் பக்கத்தில். குழாய்களை விட்டான் வகை ரப்பருக்கு மாற்றுங்கள். வண்டியை மாசக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் தங்கும்.

அப்புறம் டிங்கரிங் தொடங்கும் முன் தொட்டியை நாலு பக்கமும் அளந்து, படம் எடுத்து, கொண்டி, கீல், கயிறு கட்டும் வளையம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டிய பட்டறை இன்று இருக்காது. பட்டி பூசி மறைத்துவிட்டால், அது இருந்த விதம் வேறு எங்கேயும் பதிவில் இல்லை.