கற்பூர மரப்பெட்டியின் வயது என்ன?

பாட்டனார் வைத்திருந்த சீனத்து மரப்பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "இருநூறு வருஷத்துப் பெட்டி" என்கிறார்கள் பெரியவர்கள். தச்சரை அழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வார்னிஷ் பூசிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். அதன் வயதைச் சொல்லும் சாட்சிகள் அந்தப் பழைய மேற்பரப்பில்தான் இருக்கின்றன. தேய்த்தால் போனது போனதுதான்.

முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கற்பூர மணம் வீசினால் அது பெரும்பாலும் கற்பூர மரம். இலவங்கப்பட்டை மரத்தின் நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டில் கான்டன் துறைமுகத்திலிருந்து இத்தகைய பெட்டிகள் ஏராளமாகக் கப்பலேறின. கற்பூரம் உருகாமலே ஆவியாகக் கூடியது. துணியரிக்கும் அந்துப்பூச்சிக்கு அந்த ஆவி ஆகாது. எனினும் மணம் மரத்தைக் காட்டுமேயன்றி வயதைக் காட்டாது.

வயதுக்கு அடிப்புறத்தைப் பாருங்கள். கைரம்பம் நேர்க்கோடுகளையும், எந்திர வட்டரம்பம் வில் போன்ற கோடுகளையும் விட்டுச் செல்லும். ஆனால் சீனத் தச்சர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் கைக்கருவிகளை விட்டுவிடவில்லை. ஆகவே கைவேலை என்பதே பழமைக்குச் சான்றாகிவிடாது. திருகாணி இதைவிடத் தெளிவாகப் பேசும். தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளமுடைய திருகாணி 1930களில்தான் வந்தது. அது கீலில் இருந்தால் உடனே பெட்டி புதியது என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள்; கீலை மட்டும் பின்னால் மாற்றியிருக்கலாம் அல்லவா? அருகே பயனற்ற பழைய துளைகள் உண்டா என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் 'சைனா' என்ற முத்திரை இருந்தால் அது நல்ல தடயம். இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் செய்தது. முத்திரையுள்ள பெட்டி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

கார்பன்-14 சோதனை செய்தால் என்ன என்று கேட்பீர்கள். அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், பெட்டி செய்த நாளை அன்று. மேலும், ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையுள்ள காலத்தில் ஒரே அளவு பல ஆண்டுகளுக்குப் பொருந்திவிடுகிறது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் வளர்ந்த மரத்தைக் கண்டுபிடித்து, போலியை அம்பலப்படுத்த வேண்டுமானால் அது உதவும்.

இனிப் பராமரிப்பு. மரம் ஈரக்காற்றில் இழைக்குக் குறுக்கே விரியும், வறட்சியில் சுருங்கும், நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. வெடிப்பில் கெட்டியான மக்கு வைத்து அடைத்தால், மழைக்காலத்தில் விரிய இடமின்றிப் பலகை வேறிடத்தில் பிளக்கும். வெயில்படாத, காற்றோட்டமான இடமே போதுமானது. மணம் குறைந்துவிட்டதென்று உட்புறத்தை இழைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிறு துளைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை என்றோ உளுத்தவையாக இருக்கலாம். பெட்டியைத் துடைத்து, அடியில் கறுப்புத்தாள் விரித்துச் சில வாரம் விடுங்கள். புதிதாக வெளிர்மாவு உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடிருக்கிறது. உடனே மற்ற மரச்சாமான்களிடமிருந்து பெட்டியைப் பிரித்துவிடுங்கள். தூக்கும்போது பித்தளைக் கைப்பிடியை நம்பாமல், இருவராக அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.