காவல் நாயைக் குட்டியிலேயே பழக்குவோம்

ஆயர் ஈத்தாம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஒரு கவலை உண்டு. விடிவதற்கு முன்னே கணவனும் மனைவியும் பெரட்டுக்குப் போய்விட்டால், வீட்டையும் கோழிக்கூண்டையும் யார் பார்ப்பது? அந்தக் கவலையில்தான் சிலர் நாட்டு நாய் போதாதென்று ரோட்வைலர் போன்ற பெரிய சாதிக் குட்டியை வாங்கி வருகிறார்கள். வாங்குவதில் தவறில்லை. வாங்கிய பிறகு அதைப் பழக்காமல் விடுவதுதான் தவறு.

வழக்கமாக என்ன நடக்கிறது? குட்டியைப் படிக்கட்டின் கீழ் சங்கிலியில் கட்டிவிடுகிறோம். பிள்ளைகள் குச்சியால் சீண்டி விளையாடுகிறார்கள். "கோபம் இருந்தால்தான் காவல் காக்கும்" என்று பெரியவர்கள் சிரிக்கிறோம். ஒன்றரை வயதில் சங்கிலி அறுகிறது. கடிபடுவது பெரும்பாலும் திருடன் அல்ல. அடுத்த வீட்டுக் குழந்தைதான். குழந்தைக்கு ஆறாத வடு, நாய்க்கு மரணம், இரண்டு வீட்டுக்கும் தீராத பகை.

இந்த நாயின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் ரோட்வைல் என்னும் ஊரில் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய் இது. 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இது போலீஸ் நாயாக ஏற்கப்பட்டது. வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். எசமான் சொல் கேட்டு உழைத்த பரம்பரை ஆகையால், சொல்லிக் கொடுத்தால் கற்கும். வேலையின்றிக் கட்டிப்போட்டால் கெடும்.

குட்டி தாயிடம் 8 வாரமாவது இருக்கட்டும். கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அது கற்கிறது. 3 வாரம் முதல் ஏறக்குறைய 14 வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும். அந்த நாட்களில் நல்லவிதமாகப் பார்த்ததற்கு வளர்ந்த பிறகு அது எளிதில் மிரளாது. ஆகவே டிராக்டர், மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் இயந்திரம், மழைக்கோட்டு அணிந்தவர், தலைக்கவசம் போட்டவர், உறுமி மேளச் சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். பயந்தால் இன்னும் விலகி நில்லுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை, தெரு நாய்கள் திரியும் தரையில் விடாமல் கையில் தூக்கிச் செல்லுங்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊசி போட வேண்டும். எலி மூத்திரத்தால் பரவும் நோய்க்கும் ஊசி உண்டு. தோட்டத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்டுப் போடுங்கள்.

பாடம் ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். நாளைக்கு மூன்று தடவை. "உட்கார்", "வா", "விடு", "நில்" என்ற நான்கு சொற்களில் தொடங்குங்கள். அப்பா "வா" என்றும் அம்மா "இங்கே ஓடியா" என்றும் சொன்னால் குட்டி குழம்பும். வீடு முழுவதும் ஒரே சொல்லாக இருக்கட்டும். சொன்னபடி செய்தவுடனே எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். "வா" என்று கூப்பிட்டு ஒருபோதும் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை வராது.

கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி முகத்தைத் திருப்புங்கள். கடிக்க வேறு பொருள் கொடுங்கள். சாப்பிடும்போது தட்டைப் பிடுங்காமல், பெரியவர் ஒருவர் அதில் ஒரு நல்ல துண்டைப் போட்டுப் பழக்க வேண்டும். நாய் உறுமினால் அதற்காக அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை போய்விடும். கடி மட்டும் மிஞ்சும்.

"அப்படியானால் காவல் காக்க யார் சொல்லித் தருவது?" என்று கேட்பீர்கள். அதை நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்நியரைக் கண்டு குரைப்பது வளர வளரத் தானே வரும். நாம் கற்பிக்க வேண்டியது நிறுத்துவதை. சூ காட்டி ஆள் மேல் ஏவிப் பழக்கினால், நாளைக்குத் தபால்காரர் மேலும் பாயும். 8 மாதம் முதல் ஒன்றரை வயது வரை சொல் கேளாத பருவம். அப்போது பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு: தின்னும் நாயை, தூங்கும் நாயை, பால் கொடுக்கும் நாயைத் தொடாதே. எவ்வளவு நல்ல நாயானாலும் சிறு குழந்தையோடு தனியாக விடக்கூடாது.

நம் தோட்டத்துக்கே உரிய ஆபத்துகளும் உள்ளன. செம்பனைக் காட்டில் எலிக்கு விஷம் வைப்பார்கள். அதையோ, அதைத் தின்ற எலியையோ நாய் தின்றால் சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், இரத்தம் கசியும். வைட்டமின் கே ஊசியால் காப்பாற்றலாம், தாமதிக்கக்கூடாது. வெங்காயம் போட்ட குழம்பும், வெந்த கோழி எலும்பும் நாய்க்கு ஆகாது. கருப்பு நாய்க்கு நம் வெயில் கொடுமை. காலை இளவெயிலிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடத்துங்கள். மூச்சு இரைத்துத் தள்ளாடினால் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறி, மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

வாங்குவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் கேளுங்கள். உரிமம் வேண்டும்; பெரிய இனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடும் இருக்கலாம். பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால், நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவ வேண்டியிருக்கும் என்பதை மறவாதீர்கள். வேலியும் கயிறும் நாய்க்கு மட்டுமல்ல, அண்டை வீட்டு உறவுக்கும் பாதுகாப்பு.

வேலி போட வசதியும், தினம் அரைமணி நேரமும் இல்லையென்றால் இந்த நாய் வேண்டாம். வாசலில் குரைக்கும் நாட்டு நாயே போதும். இருக்கிறதென்றால் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே தொடங்குங்கள். ஐந்து கிலோக் குட்டிக்குச் சொல்லித் தருவது எளிது. ஐம்பது கிலோ நாயை இழுத்துப் பிடிப்பது எளிதல்ல.