வெளுத்த மலம்

குழந்தை நன்றாகப் பால் குடிக்கும். எடையும் கூடும். கண்ணில் ஏறிய மஞ்சள் மட்டும் இறங்காது. 'பிறந்த பிள்ளைக்குக் காமாலை வருவதுதானே' என்பார்கள் வீட்டில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாக வடிந்தும் விடும். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நின்று, மலம் சுண்ணாம்பாய் வெளுத்து, சிறுநீரால் துணியில் கறை பிடித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். அது குடலுக்கு வந்து சேரவில்லை.

பிலியரி அட்ரீசியா என்ற இந்த நோயில், கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய் அழன்று, தழும்பேறி, துளையே இல்லாத நாராகிவிடுகிறது. எனக்குத் தீராத வியப்பு கல்லீரலுக்குள் நடப்பதில்தான். ஊசியால் துளித் திசு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், வழக்கமாக ரத்தக்குழாய்களுக்குத் துணையாக ஒன்றிரண்டு பித்தக்குழாய்களே தெரிய வேண்டிய இடத்தில், குட்டிக் குழாய்கள் ஓரமெல்லாம் முளைத்து நெருக்கியடிக்கின்றன. முகத்துவாரம் தூர்ந்த ஆறு ஓடை ஓடையாய்ப் பிரிந்து வழி தேடுமே, அதுபோல. சிலவற்றுக்குள் பித்தம் பச்சைப் பழுப்புக் கட்டியாய் உறைந்து கிடக்கிறது. சுற்றிலும் நார்த்திசு படர்கிறது. விட்டுவிட்டால் அந்த நார் கல்லீரலையே இறுக்கிச் சுருக்கிவிடும்.

ஏன் வருகிறது? ஆஸ்திரேலியாவின் பரிஞ்சக் அணை 1964, 1988, 2007 வறட்சிகளில் வற்றியபோது, நீர் விலகிய கரையில் முளைத்த களைச்செடியைச் சினை ஆடுகள் மேய்ந்தன. தாய்களுக்கு ஒன்றுமில்லை. குட்டிகள் இதே அடைப்போடு பிறந்தன. அந்தச் செடியின் நஞ்சை 2015இல் பிரித்தெடுத்தார்கள். நம் குழந்தைகளின் நோய்க்கு அதுவே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. தாயை விட்டுவிட்டுக் கருவின் பித்தக்குழாயை மட்டும் தாக்கும் பொருள் உண்டு என்பதற்கு அந்தக் குட்டிகள் சாட்சி.

இனி வழியில்லை என்று அறுவை மருத்துவர்கள் கைவிட்டிருந்த இந்தக் குழந்தைகளுக்கு, 1955இல் ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கசாய் ஒரு வழி கண்டார். கல்லீரலின் வாயிலில் இருக்கும் அந்த நாரை வெட்டி எடுத்துவிட்டு, குடலை அங்கேயே இணைப்பது. வெட்டிய முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சில இன்னும் திறந்திருக்கும். அவற்றின் வழியே பித்தம் கசியும். நாள் ஆக ஆக அவையும் மூடிக்கொள்வதால், பிறந்து 60 நாளுக்குள் செய்வதே நல்லது. பிறகு பலருக்குக் கல்லீரல் மாற்று அறுவையும் தேவைப்படும். ஆனாலும் அறுவை முடிந்து, துணியில் முதன்முதலாக மஞ்சள் நிறத்தில் மலத்தைப் பார்க்கும் தாய், அதைத்தான் எல்லோரிடமும் காட்டுவாள்.