விநாடிக்கு 64 டிக்

விண்டோஸில் ஓடும் ஒரு புரோகிராமிடம், "ஒரு மில்லி விநாடி தூங்கிவிட்டு எழுந்திரு" என்று சொல்லிப் பாருங்கள். எழுந்திருக்க 15 மில்லி விநாடிகூட ஆகலாம். விநாடிக்குள் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டுத் தள்ளும் இயந்திரத்துக்கு இது ஏன் முடியவில்லை?

ப்ராஸசரின் வேகத்தில் குறை இல்லை. விண்டோஸ் நேரம் பார்க்கும் விதம் அப்படி. கணினிக்குள் இருக்கும் டைமர், வழக்கமாக விநாடிக்கு 64 முறை ப்ராஸசரைத் தட்டும். இரண்டு தட்டலுக்கு நடுவே 15.625 மில்லி விநாடி. ஒவ்வொரு தட்டலுக்கும் டிக் என்று பெயர். தூங்கும் த்ரெட்களில், அதாவது புரோகிராமுக்குள் தனித்தனியே ஓடும் வேலைகளில், எதற்கு நேரமாகிவிட்டது என்று விண்டோஸ் பார்ப்பது ஒவ்வொரு டிக்கிலும்தான். டவுன் பஸ்ஸுக்கு நிற்பது போலத்தான் இது: நாம் எப்போது தயாரானாலும், பஸ் வரும்போதுதான் கிளம்ப முடியும்.

இதன் விளைவு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நன்றாகத் தெரியும். ஒரு சென்சாரை 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் எழுதுவது இப்படித்தான்: படி, 100 மில்லி விநாடி தூங்கு, மறுபடி படி. ஆறு டிக் சேர்ந்தால் 93.75 மில்லி விநாடி, போதாது. ஏழாவது டிக்கில்தான் த்ரெட் எழும். அப்போது 109.375 ஆகியிருக்கும். அங்கிருந்து அடுத்த நூறைப் புதிதாக எண்ணத் தொடங்குவதால் தாமதம் தாமதத்தின் மேல் ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் 36,000 முறை படிக்க வேண்டிய சென்சாரை 32,900 முறை சொச்சம்தான் படித்திருப்போம். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

தீர்வு அழகானது. "இன்னும் நூறு" என்று எண்ணுவதை விட்டுவிட்டு, தொடங்கிய நேரத்தோடு 100, 200, 300 என்று கூட்டி, அடுத்து எழ வேண்டிய நேரத்தை ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். அப்போது ஒரு சுற்று பிந்தினாலும் அடுத்த சுற்று சரியான இடத்துக்கு வந்துவிடும். நூறாவது சுற்றுக்குரிய 10 விநாடியில் சரியாக 640 டிக் அடங்கும். பிசகு ஒரு டிக் அளவைத் தாண்டிக் குவியாது.

இதற்கென்றே விண்டோஸில் 'வெயிட்டபிள் டைமர்' இருக்கிறது. த்ரெட் அதன்மேல் காத்துக் கிடக்கலாம். அதுவரை ப்ராஸசருக்குச் சுமை இல்லை. நேரத்தை 100 நானோ விநாடி அலகில் கொடுக்க வேண்டும்: மைனஸ் எண் என்றால் இப்போதிலிருந்து, ப்ளஸ் எண் என்றால் 1601 ஜனவரி 1-இலிருந்து! கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுழற்சி ஒன்று தொடங்கும் நாள் அது. லீப் ஆண்டுக் கணக்கு அங்கிருந்து எளிது.

டிக் இடைவெளியையே ஒரு மில்லி விநாடிக்குச் சுருக்கவும் வழி உண்டு. ஆனால் ப்ராஸசர் ஓய்வெடுக்க முடியாமல் பேட்டரி கரையும். முன்பு ஒரு புரோகிராம் அப்படிக் கேட்டால் கணினி முழுவதற்கும் டிக் வேகமாகிவிடும். 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் '2004' என்ற எண் கொண்ட பதிப்பு இதை மாற்றியது. அதற்கு முன்பே, 2018-இன் 1803 பதிப்பிலிருந்து, வெயிட்டபிள் டைமரையே துல்லியம் கூட்டி உருவாக்கிக்கொள்ள முடிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், எழுந்த த்ரெட்டுக்கு உடனே ப்ராஸசர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முன்னுரிமை கூடிய வேறொரு த்ரெட் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு மில்லி விநாடி பிசகினாலும் ஆபத்து என்கிற வேலையை விண்டோஸிடம் ஒப்படைக்காதீர்கள். அதற்குத் தனி மைக்ரோகன்ட்ரோலர் வையுங்கள்.