ஆடுவோரே ஆசான்கள்

விளையாட்டை ஆராய்வோர் முதலிற் கொள்கையை வகுத்துப் பின்னர் அதற்குச் சான்று தேடுவதுண்டு. ஆடுவோரின் சொல்லையும் செயலையும் நோக்கி, அவற்றினின்றே கொள்கையைக் கட்டியெழுப்புவது மற்றொரு வழி.

சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே, ஜெனீவாவிலும் நூசாத்தலிலும் போளையடிக்கும் சிறுவரை அணுகி, அவ்விளையாட்டைத் தமக்குக் கற்பிக்குமாறு கேட்டார். அவர்களோடு ஆடவுஞ் செய்தார். விதியை மாற்றலாமா என்றும் வினவினார். விதி பெரியோர் தந்தது, மாற்றலாகாது என்றனர் இளஞ்சிறார். ஆயினும், ஆட்டத்தில் அதனைச் சரிவரப் பேணாதவரும் அவர்களே! பத்து வயதைக் கடந்தோரோ, எல்லோரும் இசைந்தால் மாற்றலாம் என்றனர். விதியை நுணுக்கமாகக் காத்தவரும் அவர்களே.

சொல்லை மட்டும் கேட்டிருந்தாலும், ஆட்டத்தை மட்டும் பார்த்திருந்தாலும் இம்முரண் புலப்பட்டிராது. பெரியோர்க்குப் பணியும் ஒழுக்கம், தம்முள் இசைந்து பேணும் ஒழுக்கமாக வளர்கின்றது என்ற அவர் கொள்கை 1932இல் நூலாயிற்று.

1967இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலறிஞர், தரவினின்று கொள்கை காணும் முறைக்கு இலக்கணம் வகுத்தனர். தரவைத் திரட்டும்போதே ஒன்றோடொன்று ஒப்பிடுக. புதிய செய்தி கொள்கைக்குப் புதிதாக எதுவும் சேர்க்காத நிலைவரை தொடர்க என்றனர். கணினி விளையாட்டுகளை ஆராய்வோரும் இன்று இம்முறையைக் கையாளுகின்றனர்.

கருவி மாறினும் கடமை மாறவில்லை: ஆராய்ச்சியாளன் முதலில் மாணவனாதல் வேண்டும்.