நுண்பாசிகளால் கன உலோகங்களை நீக்குதல்

நுண்பாசிகளால் கன உலோகங்களை நீக்குதல் என்பது, கழிவுநீரில் கரைந்துள்ள குரோமியம், நிக்கல், காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களை மிகச் சிறிய பாசிகளைக் கொண்டு பிரித்தெடுக்கும் முறையாகும். குளோரெல்லா, சீனெடெஸ்மஸ் போன்ற பசும்பாசிகளும் ஸ்பைருலினா, ஆசிலடோரியா போன்ற நீலப்பசும்பாசிகளும் இதற்குப் பயன்படுகின்றன. குளோரெல்லாவின் ஒரு செல் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும்.

சாக்கடை நீரில் உள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடும். உலோகமோ ஒரு தனிமம். அதை எந்த உயிரியாலும் சிதைக்க முடியாது. பாசி அதை நீரிலிருந்து தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இம்முறையின் பயனும் சிக்கலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

கொங்கு நாட்டின் நிலை

கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழில்கள் பெருகியபோது அவற்றைச் சார்ந்து மின்முலாம் பூசும் பட்டறைகளும் பெருகின. இவற்றில் பல மிகச் சிறியவை. குடியிருப்புகளுக்கு நடுவிலும் இயங்குபவை. முலாம் பூசிய பொருளை அலசும் நீரில் குரோமியமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்திருக்கும். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் ஆற்றோடு இணைந்த உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் ஆகியவை நகரின் கழிவுநீரையும் ஏற்று வந்துள்ளன. இக்குளங்களில் மீனும் பிடிக்கப்படுகிறது. ஆகவே நீரில் கலக்கும் உலோகம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது சாப்பாட்டுத் தட்டு வரை வரும் கேள்வி.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள திருப்பூரின் சிக்கல் சற்று வேறானது. சாயப்பட்டறைக் கழிவில் சாயத்தோடு பெருமளவு உப்பும் உள்ளது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானதும், விதிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் பலரும் அறிந்தவை. அந்த உப்பைப் பாசியால் நீக்க முடியாது. திருப்பூருக்கும் பாசியே தீர்வு என்று சொல்லப்படும்போது இதை மறக்கக் கூடாது.

பாசி உலோகத்தைப் பிடிக்கும் விதம்

பாசியின் செல்சுவரில் கார்பாக்சில், அமினோ, பாஸ்பேட், சல்பேட் போன்ற தொகுதிகள் உள்ளன. இவற்றுள் பல எதிர்மின்சுமை கொண்டவை. நேர்மின்சுமை கொண்ட உலோக அயனிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இது பரப்புக் கவர்ச்சி. சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். இதற்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டாவது வழி மெதுவானது. உயிருள்ள செல் உலோகத்தை உள்ளே இழுத்து, பைட்டோகெலாட்டின் என்னும் சிறு புரதங்களோடு பிணைத்து ஒதுக்கி வைக்கிறது.

உயிருள்ள பாசிக்கு ஓர் எல்லை உண்டு. தொட்டிகளில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவார்கள். அது செம்பு சல்பேட்டே. செம்பு மிகுந்த கழிவுநீரில் பாசியை வளர்க்க முயன்றால் அது செத்துப்போகும். உலர்த்திப் பொடித்த பாசிக்கு அந்தக் கவலை இல்லை.

நீரின் அமிலத்தன்மையும் முக்கியம். நிக்கல், ஈயம் போன்றவை பொதுவாக பிஎச் 4 முதல் 6 வரை நன்றாக ஒட்டும். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருப்பதால், பிஎச் 2 அளவிலான கடும் அமில நிலையில்தான் நன்கு பிடிபடும். அப்போது அதில் ஒரு பகுதி, நச்சுத்தன்மை குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாகவும் மாறுகிறது.

எவ்வளவு பாசி தேவை?

பட்டறைகளில் இப்போதுள்ள வழக்கமான முறை, வேதிப்பொருள் சேர்த்து, சுண்ணாம்பிட்டு உலோகத்தைப் படியவைப்பது. உலோகம் மிகுதியாக உள்ள நீருக்கு அதுவே மலிவு. படியவைத்த பிறகும் எஞ்சும் சிறிதளவு உலோகத்தை எடுப்பதுதான் கடினம். பாசிக்கு உரிய இடம் அந்தக் கடைசிக் கட்டம்.

ஒரு பட்டறையிலிருந்து நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் வருகிறது, அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் நிக்கலை நீக்க வேண்டும் என்று கொள்வோம். மொத்த நிக்கல் 50 கிராம். ஒரு கிராம் உலர்ந்த பாசி 20 மில்லிகிராம் நிக்கலைப் பிடிக்கும் எனில், நாள்தோறும் 2.5 கிலோ பாசி வேண்டும். ஆழமற்ற ஓடுநீர்க் குளத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 15 கிராம் பாசி விளைவதாக வைத்தால் சுமார் 167 சதுர மீட்டர், அதாவது நான்கு சென்ட்டுக்குச் சற்று மேல் இடம் தேவை. நகருக்குள் நெருக்கியடித்து இயங்கும் பட்டறைக்கு நான்கு சென்ட் காலி இடம் ஏது?

இதனால்தான் பாசியை வேறிடத்தில் வளர்த்து, உலர்த்தி, மணிகளாக்கிக் குழாய்களில் நிரப்பும் முறை கவனம் பெற்றது. அமெரிக்காவில் குளோரெல்லாவைச் சிலிக்கா கூழில் பொதிந்து ஆல்காசார்ப் என்ற பெயரில் விற்றார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டிலும் இவ்வாறு மணிகள் செய்யலாம். தமிழ்நாட்டில், இராணிப்பேட்டையிலுள்ள ஓர் ஆல்ஜினேட் ஆலை தன் அமிலக் கழிவுநீரை நுண்பாசி கொண்டு பெரிய அளவில் சுத்திகரித்தது. அதன் விவரங்கள் 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. அது உலோக நீக்கத்துக்கான திட்டம் அன்று; ஆனாலும் ஆய்வகக் குடுவைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பாசியை வைத்து வேலை வாங்க முடியும் என்பதைக் காட்டியது.

அறுவடைக்குப் பின்

குளம் பச்சையாக இருப்பதால் அது சுத்தமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருளல்ல. அறுவடை செய்யாத பாசி செத்து அடியில் படியும். பிடித்த உலோகத்தைச் சேற்றுக்கோ மீண்டும் நீருக்கோ கொடுத்துவிடும். நுண்ணுயிரிகளும் மீன்களும் தின்றால் உணவுச் சங்கிலியில் ஏறும். ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதிலும் இதே ஆபத்து உண்டு; மழை பெய்தால் சாறு மறுபடி குளத்துக்குள்தான் இறங்கும்.

உலோகம் ஏறிய பாசியை உரமாக வயலுக்கோ, தீவனமாகக் கோழிப் பண்ணைக்கோ தரக் கூடாது. பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் பண்ணைகள் நிறைந்திருப்பதால் இந்த எச்சரிக்கை இங்கே கூடுதலாகத் தேவை. உணவாக விற்கப்படும் ஸ்பைருலினா தூய நீரில் தனியே வளர்க்கப்படுவது. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பயன்படுத்திய பாசியை நீர்த்த அமிலத்தால் கழுவினால் உலோகத்தின் பெரும்பகுதி பிரிந்து வரும். நிக்கல், செம்பு போன்றவற்றை மீண்டும் பயன்படுத்தலாம், பாசியையும் சில முறை திரும்ப நிரப்பலாம். அப்படிச் செய்யாவிட்டால் அதை அபாயகரக் கழிவாகவே கருதி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான கழிவுப் புதைநிலத்துக்கு அனுப்ப வேண்டும். கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர் போடும் செலவுக் கணக்கில் இந்த லாரி வாடகையும் சேரும்.