பழைய எஞ்சினுக்கு எந்த ஆயில்?
விலை உயர்ந்த புதுரக ஆயில்தான் நல்லது என்று நினைக்கும் பழைய கார் பிரியர்களுக்குக் காத்திருக்கிறது செலவு

பழைய காருக்கு உதிரி பாகம் தேடும் பெங்களூருவாசி முதலில் போய் நிற்கும் இடம் ஜே.சி. ரோடு. பல்போ, கேபிளோ, ரப்பர் குழாயோ அலைந்து திரிந்தாவது தேற்றிவிடலாம். தேய்ந்துபோன கேம்ஷாஃப்டுக்கு மாற்று கேட்டால்தான் சிக்கல். ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்த சென்னை நிறுவனம் கார் தொழிலை விட்டுப் பல காலம் ஆகிறது. பிரீமியர் பத்மினி வருவதும் நின்றுவிட்டது. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014ல் முடிந்தது. எஞ்சினுக்குள் தேயும் ஒவ்வொரு பாகத்துக்கும் இனி லேத் பட்டறைதான் கதி.

இந்தத் தேய்மானத்தைத் தடுப்பது லிட்டருக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள ஆயில். ஆனால் பலர் இடறுவதும் இங்கேதான். ஆசையாக வளர்க்கும் காருக்குக் கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த, நீர்போல ஓடும் புதுரக சிந்தெடிக் ஆயிலை ஊற்றுகிறார்கள். இன்றைய எஞ்சினுக்கு அது அருமருந்து. அம்பாசடருக்கு அல்ல.

காரணம் எஞ்சினின் அமைப்பு. அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், பத்மினியின் 1089 சி.சி. எஞ்சின், ஹெரால்டு எஞ்சின் எல்லாமே ஒரே பாணி. கேம்ஷாஃப்டின் மேடு, தட்டையான அடிப்பாகம் கொண்ட டேப்பெட்டின் மீது உரசிக்கொண்டே சுழலும். வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் ஒரு கோடு போன்ற மிகச் சிறிய இடத்தில் விழும். அங்கே ஆயில் படலம் மட்டும் தாங்காது. அதனால் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு கூட்டுப்பொருளை ஆயிலில் கலக்கிறார்கள். இசட்.டி.டி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். சூட்டிலும் அழுத்தத்திலும் இது உலோகத்தின் மீது மெல்லிய கவசமாகப் படிகிறது. உரசலில் தேய்வது அந்தக் கவசம்தான், இரும்பு அல்ல.

இந்தப் பாஸ்பரஸுக்கு எதிரியாக வந்தது கேட்டலிடிக் கன்வர்ட்டர். இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. எரிந்த ஆயிலில் இருந்து வரும் பாஸ்பரஸ் கன்வர்ட்டரின் திறனைக் கெடுக்கும் என்பதால், உலக அளவில் அதன் அளவு குறைக்கப்பட்டது. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் 'எஸ்.எம்.' தரம் 2004ல் வந்தபோது, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வந்தது. 2020ல் வந்த 'எஸ்.பி.' தரத்திலும் அதே கதை. புதிய கார்களில் டேப்பெட்டுக்குப் பதில் உருளைகளும் வேறு ஏற்பாடுகளும் இருப்பதால் பாதிப்பு இல்லை. பழைய எஞ்சினுக்கு இது கவசத்தைக் கழற்றிய மாதிரி.

இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. அந்த உச்சவரம்பு மெல்லிய ரகங்களுக்குத்தான். நம் ஊர் மெக்கானிக்குகள் வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ரகங்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஆக, சாதாரண மினரல் 20டபிள்யூ-50 ஆயில், பல மடங்கு விலையுள்ள மெல்லிய சிந்தெடிக்கைவிடப் பழைய காருக்குப் பொருத்தமானது. டப்பாவில் துத்தநாக அளவு இல்லாவிட்டால், தயாரிப்பாளரின் தகவல் தாளைக் கேட்டுப் பார்க்கலாம். பாஸ்பரஸ் 0.1 சதவீதமோ சற்று அதிகமோ இருந்தால் போதும். அதற்கு மேலும் தனி பாட்டிலில் துத்தநாக மருந்து வாங்கி ஊற்றுவது வீண். அளவுக்கு மிஞ்சினால் அதுவே உலோகத்தை அரிக்கும்.

'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ரகம் எஞ்சினைச் சுழல விடுகிறதா என்பதை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். பெங்களூருவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். ஆகவே இங்கே குளிர் பிரச்சினையே அல்ல. சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் ஊர்வதுதான் பிரச்சினை. எஞ்சின் கொதிக்கும், வேகம் குறைவாக இருப்பதால் ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், ஆயில் இளகும், பிரஷர் முள் இறங்கும். தேய்ந்த பேரிங்குகளில் இடைவெளியும் அதிகம். அந்த நேரத்தில் கைகொடுப்பது இரண்டாவது எண்ணான 50.

புதிதாக வாங்கிய பழைய காரில் இன்னொரு எச்சரிக்கை தேவை. பல வருடம் கசடு படிந்த எஞ்சினில், அழுக்கை நீக்கும் திறன் அதிகமுள்ள ஆயிலை ஊற்றினால், கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் வழிகளை அடைத்துவிடக்கூடும். சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாற்றுவதே பத்திரம். முடியாவிட்டால் முதல் இரண்டு மூன்று முறை சில நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். கேம்ஷாஃப்டைப் புதிதாகக் கிரைண்ட் செய்திருந்தால் முதல் 20 நிமிடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். துத்தநாகம் நிறைந்த ஆயிலோடு, சுமார் 2000 ஆர்.பி.எம்.மில், ஐட்லிங்கில் விடாமல் ஓட்ட வேண்டும்.

ஓடித் தேயும் கார்களைவிட நின்று கெடும் கார்கள் அதிகம். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வாகனங்களை 20,000 ரூபாய் கட்டி 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. விளைவு: மாதக்கணக்கில் கராஜில் தூக்கம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீரும் அமிலமும் ஆயிலில் தங்கி, பேரிங்குகளை மெல்ல அரிக்கின்றன. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இதற்குப் பரிகாரம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது கேடு. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்தால் நீர் ஆவியாகாமல் இன்னும் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். அல்லது எடுக்கவே கூடாது.

எனவே பழைய காரின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. 500 கிலோமீட்டர்தான் ஓடியது என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறவர்கள் நிறுத்துவதற்கு முன்பே புது ஆயில் ஊற்றுவது இன்னும் நல்லது. அழுக்கு ஆயிலில் எஞ்சினை ஊறவிடாமல் இருக்கும்.

பேரணியில் எல்லோர் கண்ணும் பெயின்ட் மீதும் குரோமியப் பளபளப்பு மீதும்தான். தோல் சீட்டுக்குப் பல ஆயிரம் செலவிடுகிறவர்கள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அசல் கேம்ஷாஃப்ட் போனால் போனதுதான்.